மூலம்: மறைக்க வேண்டாம், பயப்பட வேண்டாம்



சங்கக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் பேசுகிறோம். ஆனால் மலம் கழிக்கும்போது ரத்தம் போகிறது என்றால் மட்டும் பக்கத்தில் இருப்பவரிடம்கூட வாய் திறப்பதில்லை. எங்கள் குழு ஒன்றில் ஒரு அக்கா ஆறு மாதம் இதை மறைத்தார். மாட்டுத் தீவனத்துக்கு என்று சங்கத்தில் 3,000 ரூபாய் கடன் வாங்கி, 'ஒரே ஊசியில் மூலம் போகும்' என்று போஸ்டர் ஒட்டியவரிடம் கொடுத்தார். புண்தான் மிச்சம். களை எடுக்கும்போது மயங்கி விழுந்தபிறகே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். ரத்தம் 6 கிராம்தான் இருந்தது. இப்போது நலமாக இருக்கிறார். "எல்லாருக்கும் சொல்லுங்க, என் பேரை மட்டும் போடாதீங்க" என்றார். அதற்காகவே இதை எழுதுகிறோம்.

மூலம் ஏன் வருகிறது?

ஆசனவாயில் உள்ள ரத்தக் குழாய்கள் வீங்கிப் புடைப்பதுதான் மூலம். 'உடம்புச் சூடு' என்று சொல்லி விட்டுவிடுகிறோம். உண்மையில் மலச்சிக்கலும், முக்கி முக்கிப் போவதுமே முக்கியக் காரணம். கர்ப்ப காலத்திலும் வரும். இருட்டட்டும் என்று அடக்குவது, வெளியே போகணுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது, இரண்டும் மலத்தை இறுக்கிவிடும்.

எப்படித் தெரிந்துகொள்வது?

* உள்மூலம்: வலி இருக்காது. மலத்தோடு பளிச்சென்று சிவப்பாக ரத்தம் சொட்டும். முற்றினால் சதை வெளியே வரும்.
* வெளிமூலம்: ஓரத்தில் கட்டி, அரிப்பு, உட்கார்ந்தால் வலி.
* கத்தியால் கீறுவது போல வலித்தால் அது மூலமாக இல்லாமல் ஆசனவாய் வெடிப்பாக இருக்கலாம்.

வீட்டில் செய்யவேண்டியவை

* கீரை, அவரை, கம்பு, கேழ்வரகு, கொய்யா தினமும் ஏதாவது ஒன்று சேருங்கள். தண்ணீர் நிறைய குடியுங்கள்.
* அகலமான பேசினில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி 10 முதல் 15 நிமிடம் உட்காருங்கள். ஒரு நாளைக்கு 2, 3 தடவை செய்தால் வலி குறையும்.
* வந்தால் அடக்காதீர்கள். முக்காதீர்கள். வெகுநேரம் உட்காராதீர்கள்.
* சத்து மாத்திரையால் (இரும்புச்சத்து) சிலருக்கு மலம் இறுகும், கறுப்பாகவும் போகும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள்.

எப்போது டாக்டரிடம் போகணும்?

ரத்தம் எப்போது போனாலும் ஒருமுறை காட்டிவிடுவதே நல்லது. மூலம்தானே என்று நாமே முடிவு செய்யக்கூடாது. குடல் புற்றுநோயிலும் ரத்தம் போகும். மலத்தோடு கலந்து ரத்தம் வருவது, உடம்பு இளைப்பது, மலம் போகும் பழக்கம் மாறுவது, தலைசுற்றல், மூச்சு வாங்குவது இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. மாத்திரை சாப்பிடாமலே மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் உடனே போங்கள்.

ஆபரேஷன் என்று பயந்து ஒளிக்க வேண்டாம். ஆரம்பத்திலேயே போனால் பெரும்பாலும் சாப்பாடு, மருந்திலேயே சரியாகும். அடங்காத உள்மூலத்துக்குச் சின்ன ரப்பர் வளையம் போடுவார்கள். அது சுருங்கி, சில நாளில் தானே உதிர்ந்துவிடும். முற்றிப்போனால்தான் ஆபரேஷன்.

ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சமா? பெண் டாக்டர் இருக்கும் நாளை செவிலியரிடம் கேட்டுப் போங்கள். துணைக்குக் குழுவில் ஒருவரைக் கூட்டிப் போங்கள். அடுத்த கூட்டத்தில் இந்தப் பக்கத்தை ஒருவர் சத்தமாக வாசியுங்கள். உங்கள் குழுவிலும் ஒரு அக்கா வாய் திறக்கக் காத்திருக்கலாம்.