மலை நிலத்துக்கு எத்தனை குதிரை வேண்டும்?

நிலம் இருக்கிறது. உழுவதற்கு மாடு இல்லை. கூலிக்கு ஆள் கிடைப்பதும் கஷ்டமாக இருக்கிறது.

"ஒரு டிராக்டர் வாங்கிப் போடுவோம், அப்பா! வாங்குவதுதான் வாங்குகிறோம், பெரிதாகவே வாங்கிவிடுவோம்" என்கிறான் மகன்.

தஞ்சாவூர் வயல் என்றால் அப்பா தலையை ஆட்டிவிடலாம். அங்கே நிலம் தாம்பாளம் போலத் தட்டையாக இருக்கும். எத்தனை ஏக்கர், என்ன மண், என்ன வேலை என்று பார்த்தால் போதும். எந்த டிராக்டர் என்பது தெரிந்துவிடும்.

நீலகிரியிலும், கொடைக்கானல் மலையிலும், கொல்லிமலையிலும் கதை வேறு. அங்கே நிலம் சாய்ந்து கிடக்கிறது. அந்த நிலத்துக்குப் பொருந்தாத டிராக்டரை வாங்கினால் பணம் மட்டும் போகாது. ஓட்டுகிறவரின் உயிரும் போகும்.

குதிரை சக்தி என்பது என்ன?

டிராக்டரின் பலத்தைக் "குதிரை சக்தி" என்ற கணக்கில் சொல்கிறார்கள். இந்தக் கணக்கைக் கொண்டுவந்தவர், நீராவி எந்திரத்தைச் சீர்திருத்திய ஜேம்ஸ் வாட். தம் எந்திரம் எத்தனை குதிரைக்குச் சமம் என்று சொன்னால்தான் வாங்குகிறவர்களுக்குப் புரியும் என்று அவர் நினைத்தார். கெட்டிக்கார வியாபாரி!

ஏறக்குறைய 75 கிலோ மூட்டையை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கும் பலம் எதுவோ, அதுதான் ஒரு குதிரை சக்தி.

கடையில் 20 குதிரை சக்திக்கு உட்பட்டதை "மினி டிராக்டர்" என்கிறார்கள். பெரும்பாலும் அதன் எடை ஒரு டன்னுக்கு உள்ளேதான் இருக்கும். சமவெளியில் அதிகமாக ஓடுவது 35 முதல் 50 குதிரை சக்தி உள்ள வண்டி. அது சுமார் 2 டன் எடை இருக்கும்.

மலைக்காரர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உயரம் போகப் போகக் காற்று மெலிந்துவிடும். டீசல் எரியக் காற்று வேண்டும். ஆகவே 1,000 அடி உயரத்துக்குச் சுமார் 3 சதவீதம் வீதம் எஞ்சினின் பலம் குறையும். ஊட்டி 7,300 அடிக்கு மேல் உள்ள ஊர். மேட்டுப்பாளையத்தில் 30 குதிரை பலத்தோடு கிளம்பும் வண்டி, ஊட்டிக்குப் போய்ச் சேரும்போது ஏறக்குறைய 24 குதிரை ஆகிவிடுகிறது! டர்போ வைத்த எஞ்சினில் இந்த நஷ்டம் குறைவு.

"அப்படியானால் மகன் சொல்வதுதான் சரி. பெரிதாகவே வாங்கிவிடலாமே?" என்று கேட்கலாம்.

அவசரப்படாதீர்கள். பலம் கூடும்போது எடையும் கூடுகிறது. உயரமும் அகலமும் கூடுகின்றன. சரிவில் டிராக்டர் எப்படி நிற்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

நாலு சக்கரம் இருந்தும் முக்காலி!

டிராக்டருக்குச் சக்கரம் நாலு. ஆனால் அது நிற்பது முக்காலியைப் போல!

முன் சக்கரங்கள் இரண்டையும் தாங்கும் அச்சு, நடுவில் ஒரே இடத்தில்தான் வண்டியோடு மாட்டப்பட்டிருக்கிறது. தராசுக் கோல் போல அது மேலும் கீழும் ஆடும். மேடு பள்ளத்தில் நாலு சக்கரமும் தரையைத் தொட வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆகவே வண்டி பக்கவாட்டில் சாயும்போது முன் சக்கரங்கள் உடனே கைகொடுப்பதில்லை. பின் சக்கரங்கள் இரண்டு, முன் அச்சின் நடு ஆணி ஒன்று, ஆக மூன்று கால்தான்.

இந்த மூன்று காலுக்கு உள்ளே வண்டியின் எடை விழும்வரை பயம் இல்லை. எடை வெளியே விழுந்தால் வண்டி கவிழும். சரிவில் குறுக்கே போகும்போது மேல்பக்கச் சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் போதும். கீழ்பக்கச் சக்கரம் பெருச்சாளி வளையில் இறங்கினால் போதும். வளைவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினாலும் அதே கதிதான்.

"அகலக் கால் வைக்காதே" என்பது பெரியவர்கள் வாக்கு. டிராக்டருக்கு மட்டும் அது பொருந்தாது. சரிவில் அது அகலக் கால் வைத்தே ஆக வேண்டும்! பல டிராக்டர்களில் பின் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினால் இடைவெளி அகலமாகும். டயருக்குள் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பினால் எடை கீழே தங்கும். உறைபனி விழும் இடங்களில் வெறும் தண்ணீர் கட்டியாகிவிடும். அதனால் கால்சியம் குளோரைடு என்ற உப்பைக் கலந்து நிரப்புவார்கள்.

ஆக, கடையில் விசாரிக்கும்போது குதிரை சக்தியை மட்டும் கேட்காதீர்கள். பின் சக்கரங்களின் இடைவெளி எவ்வளவு, அதை எவ்வளவு அகலப்படுத்தலாம், வண்டி எவ்வளவு தாழ்வானது என்றும் கேளுங்கள். ஒரே பலம் உள்ள இரண்டு வண்டிகளில், தாழ்வாகவும் அகலமாகவும் இருப்பதே மலைக்கு ஏற்றது.

ஒன்றரை வினாடி!

பக்கவாட்டில் கவிழ்வது ஒரு விதம். முன்பக்கம் தூக்கிக்கொண்டு பின்னால் மல்லாக்க விழுவது இன்னொரு விதம். இது இன்னும் கொடியது. முன் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பி, வண்டி மல்லாந்து விழ ஒன்றரை வினாடிதான் ஆகும். குதித்துத் தப்ப நேரமே இருக்காது.

1917-ல் அமெரிக்காவில் ஹென்றி போர்டு தயாரிக்கத் தொடங்கிய "போர்ட்சன்" டிராக்டருக்கு இந்தக் கெட்ட பெயர் இருந்தது. கலப்பை பாறையில் சிக்கினால் பின் சக்கரம் சுழல முடியாது. எஞ்சின் சும்மா இருக்குமா? சக்கரத்தைச் சுழற்ற முடியாத ஆத்திரத்தில், வண்டியையே தூக்கிப் பின்னால் போட்டுவிடும்.

இதற்கு ஒரு வழி கண்டவர் அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசன். கலப்பையைக் கயிற்றிலே கட்டி இழுப்பது போல இழுக்காமல், மூன்று கரங்களால் டிராக்டரோடு சேர்த்துப் பிணைத்தார். மண் கலப்பையைப் பின்னுக்கு இழுக்கும்போது, மேல் கரம் வண்டியின் முன்பக்கத்தைக் கீழே அழுத்தியது. இன்று நாம் பார்க்கும் டிராக்டர்களின் பின்புறம் இருப்பது அந்த மூன்று கரங்கள்தான்.

மலையில் யூகலிப்டஸ் வேரையும் தேயிலைத் தூரையும் பிடுங்க டிராக்டரில் சங்கிலி கட்டுகிறார்கள். அந்தச் சங்கிலியைத் தாழ்வான இழுவைக் கம்பியில்தான் கட்ட வேண்டும். அச்சிலோ, மேல் கரத்திலோ கட்டினால் பெர்குசன் செய்த உபகாரம் வீணாகிவிடும்.

1959-ல் ஸ்வீடன் நாடு ஒரு சட்டம் கொண்டுவந்தது. புது டிராக்டர்களில், கவிழ்ந்தாலும் ஓட்டுகிறவரை நசுக்காதபடி இரும்புச் சட்டம் பொருத்த வேண்டும் என்றது அந்தச் சட்டம். அதன் பிறகு அங்கே டிராக்டர் கவிழ்ந்து இறப்பவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. மலைக்கு வாங்குகிறவர்கள் அந்தச் சட்டத்தோடு சேர்த்தே வாங்குவது நல்லது. அதற்குத் தனியாகப் பணம் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். சட்டம் இருந்தால் இடுப்பு பெல்டையும் போட்டுக்கொள்ள வேண்டும். சட்டம் இல்லாத வண்டியில் பெல்ட் போடக்கூடாது.

இன்னொன்று. நம் ஊரில் டிராக்டர் வந்தால் குழந்தைகள் ஓடிவந்து மட்கார்டில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். அப்பாவும் ஆசையாக ஏற்றிக்கொள்வார். இரும்புச் சட்டம் காப்பாற்றுவது ஆசனத்தில் இருக்கும் ஒருவரைத்தான். மலையில் இந்த ஆசை வேண்டவே வேண்டாம்.

ஏற்றமும் இறக்கமும்

"அப்படியானால் இருப்பதிலேயே சின்ன வண்டியை வாங்கிவிடுவோம்" என்றால், அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது.

ஒரு டன் எடையுள்ள மினி டிராக்டரில் டிரெய்லர் மாட்டுகிறோம். டிரெய்லரும் காரட் மூட்டைகளும் சேர்ந்து 3 டன் என்று வைத்துக்கொள்வோம். பாதை 100 அடிக்கு 15 அடி வீதம் இறங்குகிறது. அப்போது டிரெய்லர், டிராக்டரைப் பின்னாலிருந்து சுமார் 450 கிலோ பலத்தோடு தள்ளும். மழையில் நனைந்த செம்மண்ணில் ஒரு டன் வண்டி அதை எப்படித் தாங்கும்? சக்கரம் நின்றாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போகும்.

ஏற்றத்தில் வேண்டியது எஞ்சினின் பலம். இறக்கத்தில் வேண்டியது வண்டியின் எடை. பாரம் இழுக்க வேண்டியவர்கள் இறக்கத்தைப் பார்த்தே வண்டியின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். பிரேக் இல்லாத டிரெய்லரில், டிராக்டரின் எடைக்கு மேல் ஏற்றிக்கொண்டு இறங்குவது வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு விலை அதிகம்தான். ஆனால் இறக்கத்தில் அது நாலு சக்கரத்தாலும் பிடித்து நிறுத்தும். மலைக்கு அந்த அதிக விலை தகும்.

டிராக்டரில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் மிதி உண்டு. வயலில் சட்டென்று திரும்ப அது உதவும். பாதையில் இறங்கும்போது இரண்டையும் தாழ்ப்பாள் போட்டுச் சேர்த்துவிட வேண்டும். மறந்து ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாகச் சுழன்றுவிடும். டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று கியரை எடுத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருவதும் கூடாது. ஏறும்போது எந்த கியர் வேண்டுமோ, அதே கியரில்தான் இறங்க வேண்டும்.

பத்தடி மூங்கில் போதும்

உங்கள் நிலம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது? இதை அளக்கப் பத்தடி மூங்கில் ஒன்று போதும்.

மூங்கிலின் ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கம் தரையில் வையுங்கள். மறுமுனையைக் கீழ்ப்பக்கமாக நீட்டிப் பிடியுங்கள். பாதி தண்ணீர் உள்ள பாட்டிலை மூங்கிலின் மேல் படுக்கவைத்து மட்டம் பாருங்கள். மட்டமானதும், நீட்டிய முனை தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். ஓர் அடி என்றால் சரிவு 10 சதவீதம். ஒன்றரை அடி என்றால் 15. இரண்டு அடி என்றால் 20. நாலைந்து இடத்தில் அளந்து, எது அதிகமோ அதையே கணக்கில் கொள்ளுங்கள்.

10 சதவீதத்துக்குள் இருந்தால் அளவான டிராக்டர் எதுவும் நிதானமாக ஓடும். அதற்கு மேல் 15 வரை, தாழ்வான, அகலமான சின்ன வண்டிதான் சரி. 15-ஐத் தாண்டினால் ஒரு தர்மசங்கடம் வருகிறது.

சரிவில் மேலும் கீழுமாக ஓட்டினால் வண்டி பக்கவாட்டில் கவிழாது. ஆனால் அப்படி உழுத சால்கள் மழைக்கு வாய்க்காலாகிவிடும். மேல்மண் எல்லாம் ஆற்றுக்குப் போய்விடும். குறுக்கே உழுதால் மண் தங்கும். ஆனால் வண்டி கவிழும். மண்ணையும் காக்க வேண்டும், மனிதனையும் காக்க வேண்டும். என்ன செய்வது?

மண் பாதுகாப்பு நிபுணர்கள், 16 முதல் 33 சதவீதம் வரை சரிந்த நிலத்தைப் படிப்படியாக வெட்டித் தட்டு நிலமாக்கச் சொல்கிறார்கள். ஊட்டியில் 1954 முதல் மத்திய மண் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் ஒன்று இதையெல்லாம் ஆராய்ந்துவருகிறது. அதைவிடச் செங்குத்தான இடத்தில் கலப்பைக்கே வேலை இல்லை. அது தேயிலைக்கும், மரத்துக்கும், புல்லுக்கும் உரிய இடம்.

தட்டு நிலத்தில் கவிழும் பயம் குறைவு. ஆனால் படியின் அகலம் பத்துப் பன்னிரண்டு அடிதான் என்றால், மினி டிராக்டர்கூட ஒரே வீச்சில் திரும்ப முடியாது. முன்னும் பின்னும் போய்த்தான் திருப்ப வேண்டும். அந்த நேரத்தில் ஒரு சக்கரம் வரப்பைத் தாண்டினால், வண்டி அடுத்த படியில் கிடக்கும்! ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு வண்டி எப்படிப் போகும் என்பதையும் யோசிக்க வேண்டும். பல தோட்டங்களில் ஆள் ஏறக் கல்படி இருக்கிறது. வண்டி ஏற வழி இல்லை.

இப்படிப்பட்ட இடத்துக்குக் கையால் பிடித்து நடந்துகொண்டே ஓட்டும் பவர் டில்லர் இருக்கிறது. அது 10 முதல் 13 குதிரை சக்தி உள்ளது. அதுவும் ஏற முடியாத படிகளுக்கு, 5 முதல் 7 குதிரை சக்தி உள்ள பவர் வீடர் இருக்கிறது. இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் அதைத் தூக்கி அடுத்த படியில் வைத்துவிடலாம். பெரிய வண்டி நிற்கும் வீடு என்ற பெயர் கிடைக்காதுதான். படியெல்லாம் உழுதிருக்கும்!

கோத்தகிரிப் பக்கம் ஒருவருக்கு மூன்று ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை ஏக்கர் தேயிலை. ஒரு ஏக்கர் படிக்கட்டு நிலம். பள்ளத்தில் ஓடை ஓரம் அரை ஏக்கர் தட்டை. இவருக்கு 40 குதிரை டிராக்டர் எதற்கு? தேயிலைக்கு டிராக்டர் உழவு தேவை இல்லை. படிகளுக்குப் பவர் வீடர் போதும். ஓடை ஓர நிலத்தை ஒரு நாளில் உழுதுவிடலாம். அந்த ஒரு நாளுக்கு வாடகை வண்டி இருக்கிறது. தமிழ்நாடு அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை, மணிக்கணக்கில் எந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. மாதத் தவணை கட்டும் கவலை வீட்டம்மாவுக்கு இல்லை.

வாங்கியே தீர வேண்டும் என்கிறவர்கள், கடை வாசலில் ஓட்டிப் பார்த்து முன்பணம் கொடுக்க வேண்டாம். "எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். வண்டி வருவதற்கு முன், பாதையின் குறுகலான திருப்பத்தை அளந்து வையுங்கள். கடைக்காரரின் டிரைவரையே ஓட்டச் சொல்லுங்கள். முதலில் காலி டிரெய்லர். பிறகு பாதி பாரம். முழுப் பாரத்தை அதற்கு அப்புறம் ஏற்றலாம். மழை பெய்த மறுநாள் காலையாக இருந்தால் மிகவும் நல்லது.