ஊசியை நிறுத்தியதும் பசி ஏன் திரும்புகிறது?

"எடை குறைக்கும் ஊசியை நிறுத்தினால் பழைய எடை திரும்பிவிடுமாமே, ஊசியால் மனச்சோர்வும் வருமாமே?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோவும் ஜூனில் வீகோவியும் இந்தியாவுக்கு வந்தபிறகு பலரும் கேட்பதுதான். எடை பெரும்பாலும் திரும்பும். அதற்கு நிறுத்தியவருடைய மனஉறுதியைக் குறைசொல்வது அநியாயம்.

சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோன் மூளைக்குப் 'போதும்' என்று சொல்கிறது. கல்யாணப் பந்தியில் இலைக்குமேல் கையை நீட்டி மறிக்கிறோமே, அப்படி. ஆனால் இரண்டே நிமிடத்தில் அந்த ஹார்மோனில் பாதி அழிந்துவிடும். கை விலகியதும் பாயச வாளி வந்து நிற்கும். வீகோவியில் உள்ள செமாக்ளூடைட் ஏறக்குறைய அதே மூலக்கூறுதான், கூடவே ஒரு கொழுப்பு அமில வால். அந்த வால் ரத்தத்தில் மிதக்கும் ஆல்புமின் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. அவ்வளவு பெரிய புரதத்தோடு போவதைச் சிறுநீரகம் வடிகட்டுவதில்லை. பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகிறது. எவ்வளவு சின்ன ஒட்டுவேலை, எவ்வளவு பெரிய மாற்றம்! வாரம் முழுக்க இலைமேல் கை இருக்கிறது. சாப்பாட்டைப் பற்றியே ஓடிக்கொண்டிருந்த நினைப்பு அடங்கிவிட்டதாகப் பலர் சொல்கிறார்கள்.

இதற்கிடையே உக்கிராண அறையில் வேறொன்று நடக்கிறது. கொழுப்புச் செல்கள் சுருங்கச் சுருங்க அவை சுரக்கும் லெப்டின் ஹார்மோன் குறைகிறது. சரக்கு தீர்கிறது என்று மூளைக்குத் தகவல் போகிறது. பரிமாறுகிறவர்கள் அதிகமாகிறார்கள். கை இருக்கும்வரை தெரியாது. எடுத்த அன்று எல்லா வாளிகளும் ஒன்றாக வரும். 2011இல் வெளியான மெல்போர்ன் ஆய்வில், 10 வாரக் கடும் உணவுக்கட்டுப்பாட்டில் இளைத்தவர்களின் பசி ஹார்மோன்கள் ஓராண்டு கழித்தும் பழைய நிலைக்கு வரவில்லை. செமாக்ளூடைட் சோதனையில் 68 வாரங்களில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. நிறுத்திய ஓராண்டில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது.

வரலாறு இங்கே இரண்டு வரி போதும். கிலா பல்லியின் விஷத்தில் ஆய்வாளர் ஜான் எங் 1992இல் கண்ட எக்ஸெண்டின்-4 இந்த வகை மருந்துகளுக்கு வழிவிட்டது. 2005இல் அதன் செயற்கை வடிவம் சர்க்கரை நோய் மருந்தானது.

'அற்புத ஊசி' என்ற விளம்பரத்தை நான் ஏற்கவில்லை. இதயநோய் உள்ள 17,600 பேரிடம் செமாக்ளூடைட்டை வைத்து நடந்த செலக்ட் ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தன. மூன்றேகால் ஆண்டுகளில் நூற்றுக்கு எட்டுப் பேர் என்பது ஆறரையானது. மதிக்கத்தக்க பலன்தான், அற்புதமல்ல.

மனத்துக்கு வருவோம். ரிமோனபண்ட் என்ற எடைக்குறைப்பு மாத்திரை 2006இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்று, மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டியதால் 2008இல் விலக்கப்பட்டது. மனநிலையிலும் பங்குள்ள ஏற்பிகளை அது அடைத்தது. ஜிஎல்பி-1 மருந்துகளின் வழி வேறு. அவை தற்கொலை எண்ணத்தைத் தூண்டுவதாகச் சான்று இல்லை என்று ஐரோப்பிய மருந்து முகமை 2024 ஏப்ரலில் கூறியது. ஆனால் முக்கியச் சோதனைகளில், அண்மையில் தீவிர மனச்சோர்வு இருந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. அந்த ஆறுதல் அவர்களுக்கு முழுதாகப் பொருந்தாது. மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர் முதல் ஊசிக்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எத்தனை காலம் போடுவது, நிறுத்தும்போது யார் கவனிப்பது என்பதையும் அன்றே கேட்டுக்கொள்ள வேண்டும்.