சிற்றுருவில் ஒரு பேருந்து

பிள்ளைத்தமிழ் ஆண்பாற் பருவங்கள் பத்தனுள் இறுதியாக நிற்பது சிறுதேர்ப் பருவம். பெருந்தேரைக் கண்ட குழந்தை, அதனைத் தன் கைக்கு அடங்கும் அளவிற் பெற்று உருட்டி மகிழ்கிறது. அவ்வேட்கை வளர்ந்த பின்னும் மாந்தரை விட்டு நீங்குவதில்லை. இங்கிலாந்து முதலிய நாடுகளில், பேருந்துகளின் சிற்றுருக்களைத் தம் கையாலேயே பொருத்தி வண்ணம் தீட்டிக் காப்போர் பலர் உளர். ‘கிட்’ என வழங்கும் உறுப்புத் தொகுப்பை வாங்கி, உள்ளவாறே பொருத்துவது முதல் நிலை. அதனைத் தம் கருத்திற்கேற்ப மாற்றி அமைப்பது அடுத்த நிலை. இரண்டாம் நிலையில் அடியெடுத்து வைப்போர் அறியத்தக்கன சிலவற்றை இங்குக் காண்போம்.

அளவு அறிதல்

லண்டன் மாநகரின் ரூட்மாஸ்டர் என்னும் ஈரடுக்குப் பேருந்தையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1954 முதல் 1968 வரை 2876 ரூட்மாஸ்டர்கள் கட்டப்பெற்றன. அவற்றுள் பெரும்பான்மையான ஆர்.எம். வகையின் நீளம் 27 அடி 6 அங்குலம். பிரித்தானியரிடையே பெருவழக்கான 1:76 அளவில் ஓரடி என்பது 4 மில்லிமீட்டர். ஆகவே வண்டி 110 மில்லிமீட்டராகச் சுருங்கும். 1:24 அளவிலோ ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் இருக்கும். சிறிய அளவு மேசையில் அடங்கும். பெரிய அளவு இருக்கைக்கும் படிக்கட்டிற்கும் வண்ணம் தீட்ட இடம் தரும்.

முதற்பொருளை முடிவு செய்தல்

மாற்றி அமைத்தல் என்றவுடன், விரும்பியவற்றையெல்லாம் ஒரே வண்டியில் ஏற்றலாம் என்று புதியவர் எண்ணுவது இயல்பு. ஈண்டுத் தொல்காப்பியர் காட்டும் நெறி நமக்குத் துணையாகிறது. அவர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்தார். புள்ளும் மரமும் பறையும் ஆகிய கருப்பொருள்கள் அவற்றிற்கு இயைந்து நிற்கும். பேருந்திற்கும் அஃதே முறை. எந்தத் தடம், எந்த ஆண்டு என்பதை முதலில் வரையறுத்துக் கொண்டால், வண்ணமும் எழுத்தும் விளம்பரமும் தாமே முடிவாகும்.

சான்றாக, தொடக்க கால ரூட்மாஸ்டர்களின் பக்கங்களில் நிறுவனப் பெயர் பொன்னிற எழுத்துகளால் பொறிக்கப்பட்டிருந்தது. பிற்காலத்தில் வெண்ணிற வட்டச் சின்னம் அவ்விடத்தைப் பெற்றது. 1977-இல் அரசியின் வெள்ளிவிழாவிற்காக 25 வண்டிகள் வெள்ளி நிறம் பூண்டன. ஜார்ஜ் ஷில்லிபியர் 1829-இல் லண்டனில் தொடங்கிய ஆம்னிபஸ் சேவையின் 150-ஆம் ஆண்டு நினைவாக, 1979-இல் 12 ரூட்மாஸ்டர்கள் அவருடைய வண்டியின் பழைய வண்ணக்கோலத்தை ஏற்றன. ஒரே தொகுப்பிலிருந்து இவற்றுள் எதனையும் ஆக்கலாம். ஆயினும் ஒன்றன் அடையாளத்தை மற்றொன்றில் சேர்த்தல் பொருந்தாது.

எண்ணை மாற்றினால் வண்டி மாறிவிடும் என்பதும் இல்லை. ஆர்.எம்.எல். வகை 30 அடி நீளமுடையது. அதன் நடுவே குறுகிய சாளரப் பகுதி ஒன்று மிகுதியாக உண்டு. ஆர்.எம். தொகுப்பை அவ்வகையாக்க வேண்டின், உடலை அறுத்து 1:76 அளவில் 10 மில்லிமீட்டரும், 1:24 அளவில் ஏறத்தாழ 32 மில்லிமீட்டரும் இணைத்தல் வேண்டும். இது கை தேர்ந்தபின் செய்யத்தக்க பணி. முதல் முயற்சியில் வண்ணம், தட எண், விளம்பரம் ஆகியவற்றை மட்டும் மாற்றுவதே சாலும்.

செய்முறை

உறுப்புகளைச் சட்டத்திலிருந்து முறுக்கிப் பிரிக்காமல் சிறு வெட்டுக்குறட்டால் நறுக்குக. வெட்டிய தழும்பை உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்க. சோப்பு நீரில் கழுவி உலர்த்தினால் அச்சிலிருந்து ஒட்டிவந்த எண்ணெய்ப்பசை நீங்கும். வண்ணம் நன்கு பற்றும். பசையிடுமுன் ஒருமுறை வெறுமனே பொருத்திப் பார்த்தல் இன்றியமையாதது.

உடலை மூடுமுன் உட்புறத்திற்கு வண்ணம் தீட்டுக. ரூட்மாஸ்டரின் உட்சுவர்கள் கருஞ்சிவப்பு, சாளர ஓரங்கள் பச்சை, மேற்கூரை மஞ்சள். மூடியபின் தூரிகை அங்குச் செல்லாது. பிளாஸ்டிக் பசை பரப்பை உருக்கிப் பிணைப்பதால் அளவறிந்து இடுதல் வேண்டும். கண்ணாடி உறுப்புகளுக்கு அப்பசையும் உடனடிப் பசையும் ஆகா. முன்னது பரப்பை உருக்கும், பின்னதன் ஆவி வெண்படலம் படியச் செய்யும். உலர்ந்தபின் தெளிவாகும் வெள்ளைப் பசையே ஏற்றது.

வெளிப்புறத்தில் அடிப்பூச்சிற்குப்பின் வெளிர்நிறம் முதலில், அடர்நிறம் பின்னர். அடுக்குகளுக்கு இடையிலான வெளிர்நிறப் பட்டையைத் தீட்டி, உலரவிட்டு, ஒட்டுநாடாவால் மறைத்தபின் சிவப்பைப் பூசுக. தடித்த ஒரு பூச்சினும் மெல்லிய மூன்று பூச்சு மேலானது. எழுத்து ஒட்டிகளைப் பளபளப்பான மெருகின்மேல் நீரில் நனைத்து நகர்த்தி ஒட்டினால் அடியில் காற்று தங்காது. அதன்மேல் மீண்டும் ஒரு மெருகு காப்பாக அமையும்.

சிற்றுருவின் பயன்

2005 டிசம்பர் 9-ஆம் நாள், 159-ஆம் தடத்தோடு ரூட்மாஸ்டர் லண்டனின் அன்றாடச் சேவையிலிருந்து விடைபெற்றது. அதன்பின் சில ஆண்டுகள் மரபுத் தடங்களில் மட்டும் ஓரளவு ஓடியது. அதன் பின்புறத் திறந்த படியில் ஏறி இறங்கியோர் ஆண்டுதோறும் குறைகின்றனர். இனி வருவோர்க்கு அப்பேருந்தின் உருவை உரைக்கும் சான்றுகளுள் சிற்றுருவும் ஒன்று. பிழைபட்ட பாடம் ஏட்டிலிருந்து ஏட்டிற்குப் பெயர்வதைப் போன்று, பிழைபட்ட சிற்றுருவும் அடுத்தவர்க்குச் சான்றாகிவிடும். கற்பனை வண்ணம் தீட்டுதல் குற்றமன்று. அதனைக் கற்பனை என்றே அடியில் எழுதி வைத்தல் கடன்.

ஆதலின் ஒரு புகைப்படத்தையேனும் முன்வைத்துக்கொண்டு பணியைத் தொடங்குவோமாக. ஓர் ஆண்டு, ஒரு தடம், ஒரு வண்டி என்னும் எல்லைக்குள் நின்று செய்யும் சிறு மாற்றமே தொடக்கநிலையாளரைத் தேர்ந்த கைவினைஞராக்கும்.