ஆண் இனப்பெருக்க மண்டலம்: மருத்துவச் சொற்களும் அவற்றின் பொருளும்

ஆண் இனப்பெருக்க உறுப்புகளில் ஏற்படும் நோய்கள் பலவும் குணப்படுத்தக்கூடியவை. ஆயினும் பலர் காலம் கடந்தே மருத்துவரை அணுகுகின்றனர். கூச்சம் இதற்கு ஒரு காரணம். எந்த உறுப்பில் என்ன தொல்லை என்பதைக் கூறச் சொல் தெரியாமை மற்றொரு காரணம். விந்தகத்தில் வலி உள்ள சிறுவன் வெட்கத்தால் வயிற்று வலி என்று மட்டும் கூறினால், நோயைக் கண்டறிவது தாமதமாகலாம். மருத்துவரிடம் தெளிவாகக் கூறுவதற்கும், ஸ்கேன் மற்றும் ஆய்வக அறிக்கைகளைப் புரிந்துகொள்வதற்கும் உதவும் சொற்கள் இப்பக்கத்தில் விளக்கப்பட்டுள்ளன.

உறுப்புகளின் பெயர்கள்

விதைப்பை: ஆண்குறிக்குக் கீழே அமைந்துள்ள தோல் பை. இதனுள் விந்தகங்கள் உள்ளன. விந்தணு உற்பத்திக்கு உடல் வெப்பநிலையைவிட 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் வரை குறைந்த வெப்பம் தேவை என்பதால் இப்பை உடலுக்கு வெளியே அமைந்துள்ளது.

விந்தகம்: பேச்சு வழக்கில் விதை அல்லது விரை எனப்படும் உறுப்பு. விந்தணுக்களையும் டெஸ்டோஸ்டீரோன் என்னும் ஆண் ஹார்மோனையும் உற்பத்தி செய்கிறது. ஒரு விந்தகம் மற்றொன்றைவிடச் சற்றுத் தாழ்ந்திருப்பது இயல்பே.

எபிடிடிமிஸ்: விந்தகத்தின் பின்புறம் சுருண்டு அமைந்துள்ள மெல்லிய குழல். விந்தணுக்கள் இங்கு முதிர்ச்சி அடைகின்றன.

விந்து நாளம்: விந்தணுக்களை எபிடிடிமிஸிலிருந்து மேல்நோக்கிக் கொண்டு செல்லும் குழல். வாசக்டமி எனப்படும் ஆண் கருத்தடை சிகிச்சையில் துண்டிக்கப்படுவது இக்குழலே.

விந்துப்பைகளும் புராஸ்டேட் சுரப்பியும்: சிறுநீர்ப்பையை ஒட்டி அமைந்துள்ள இவை விந்துத் திரவத்தின் பெரும்பகுதியைச் சுரக்கின்றன.

சிறுநீர்ப் புறவழி: புராஸ்டேட் சுரப்பியின் நடுவிலும் ஆண்குறியின் உள்ளேயும் செல்லும் குழாய். சிறுநீரும் விந்தும் இதன் வழியாகவே வெளியேறுகின்றன.

ஒன்றெனக் கருதப்படும் வேறு வேறு சொற்கள்

விந்து, விந்தணு: விந்து என்பது திரவம். விந்தணு என்பது அத்திரவத்தில் உள்ள உயிரணு. விந்தின் அளவில் விந்தணுக்களின் பங்கு மிகச் சிறியது. எனவே, ஆண் கருத்தடை சிகிச்சைக்குப் பிறகும் விந்து வெளியேறும். அதில் விந்தணு மட்டுமே இராது. இச்சிகிச்சையால் ஆண் ஹார்மோனோ விறைப்புத் தன்மையோ குறைவதில்லை. ஆனால் நாளத்தில் முன்பே தங்கிய விந்தணுக்கள் நீங்கச் சுமார் 3 மாதங்கள் ஆகும். விந்து ஆய்வில் விந்தணு இல்லை என உறுதியாகும் வரை வேறு கருத்தடை முறையைப் பின்பற்ற வேண்டும்.

விறைப்புக் குறைபாடு, குழந்தைப்பேறின்மை: இவ்விரண்டையும் ஆண்மைக்குறைவு என்ற ஒரே சொல்லால் குறிப்பது பெரும் குழப்பத்தை உண்டாக்குகிறது. உறவின்போது ஆண்குறி போதிய அளவு விறைப்படையாத நிலை விறைப்புக் குறைபாடு. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இரத்தக்குழாய் நோய், மன அழுத்தம் ஆகியன இதற்குக் காரணமாகலாம். குழந்தைப்பேறின்மை என்பது கருத்தரிக்கும் வாய்ப்பு குறைந்த நிலை. தாம்பத்திய உறவில் எவ்விதக் குறையும் இல்லாத ஆணுக்கும் விந்தணு எண்ணிக்கை குறைவாக இருக்கலாம். ஆகவே, குழந்தைப்பேறு தாமதமானால் மனைவியை மட்டும் பரிசோதிப்பது போதாது. கணவரும் தொடக்கத்திலேயே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

புராஸ்டேட் வீக்கம், புராஸ்டேட் புற்றுநோய்: வயது முதிரும்போது புராஸ்டேட் சுரப்பி பெரிதாவது பொதுவாகக் காணப்படுவது, அது புற்றுநோய் அன்று. சிறுநீர் தடைபடுதல், இரவில் பலமுறை சிறுநீர் கழித்தல் ஆகியன இதன் அறிகுறிகள். பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனையின் அளவு வீக்கத்தாலும் தொற்றாலும் உயரலாம். எனவே அந்த அளவு கூடியிருப்பதை மட்டும் கொண்டு புற்றுநோய் என முடிவு செய்ய இயலாது, மேற்பரிசோதனை தேவை.

விதைப்பை வீக்கம்: காரணங்கள் பல

விதைப்பையில் தோன்றும் எல்லா வீக்கத்தையும் விரைவீக்கம் எனக் கூறுவது வழக்கம். ஆனால் நோய்க்கு ஏற்ப சிகிச்சை மாறுபடும்.

ஹைட்ரோசீல்: விந்தகத்தைச் சுற்றி நீர் சேர்வதால் ஏற்படும் வீக்கம். யானைக்கால் நோயும் இதற்கு ஒரு காரணம். பெரிதான வீக்கத்தை அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாம்.

குடலிறக்கம்: குடலின் ஒரு பகுதி கவட்டை வழியே இறங்குவதால் ஏற்படுவது. ஹெர்னியா எனவும் கூறுவர். இருமும்போதும் பளு தூக்கும்போதும் பெரிதாகும். வீக்கம் உள்ளே செல்லாமல் வலியும் வாந்தியும் இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வெரிகோசீல்: விதைப்பையின் சிரைகள் புடைத்துச் சுருண்டிருக்கும் நிலை. பெரும்பாலும் இடப்புறம் ஏற்படும். சிலருக்கு விந்தணு உற்பத்தியைப் பாதிக்கலாம்.

விந்தக அழற்சி: தொற்றினால் ஏற்படும் வலியும் வீக்கமும். பருவமடைந்தவர்களுக்குப் பொன்னுக்கு வீங்கி ஏற்படும்போதும் இது தோன்றலாம்.

விந்தகக் கட்டி: விந்தகத்தில் தோன்றும் கெட்டியான கட்டி. வலி இல்லை என்பதற்காக இதனைப் புறக்கணிக்கக் கூடாது. விந்தகப் புற்றுநோய் இளம் வயதினரிடமே அதிகம் காணப்படுகிறது. தொடக்கத்தில் கண்டறிந்தால் பெரும்பாலும் குணப்படுத்தலாம்.

இறங்காத விந்தகம்: பிறந்த குழந்தையின் விதைப்பையில் ஒன்று அல்லது இரண்டு விந்தகங்களும் இல்லாத நிலை. 6 மாதம் ஆகியும் இறங்கவில்லையெனில் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்ட வேண்டும்.

விந்தக முறுக்கம்: காத்திருக்கக் கூடாத நிலை

விந்தகத்திற்கு இரத்தம் கொண்டு செல்லும் தண்டு முறுக்கிக்கொள்வதால் இரத்த ஓட்டம் தடைபடும் நிலை விந்தக முறுக்கம் ஆகும். மருத்துவர்கள் இதனை டார்ஷன் எனக் குறிப்பிடுவர். எந்த வயதிலும் ஏற்படலாம். வளரிளம் பருவத்தினரிடம் அதிகம். ஒரு பக்க விந்தகத்தில் திடீரெனத் தோன்றும் கடும் வலி, வீக்கம், குமட்டல், வாந்தி, அடிவயிற்று வலி ஆகியன அறிகுறிகள். உறக்கத்திலும் இவ்வலி தொடங்கலாம்.

வலி தொடங்கிய 6 மணி நேரத்திற்குள் முறுக்கை நீக்கினால் விந்தகத்தைக் காப்பாற்றும் வாய்ப்பு மிக அதிகம். அதன் பின்னர் வாய்ப்பு விரைவாகக் குறையும். நேரம் கடந்துவிட்டாலும் தாமதிக்காமல் செல்ல வேண்டும். வலி மாத்திரை கொடுத்துக் காலை வரை காத்திருக்க வேண்டாம். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வழியில் உணவோ நீரோ கொடுக்க வேண்டாம். தேவைப்படின் 108 அவசர ஊர்தியை அழையுங்கள். வலி தானாகவே நின்றுவிட்டாலும் பரிசோதனை அவசியம். முறுக்கம் மீண்டும் ஏற்படலாம்.

விந்து ஆய்வு அறிக்கையில் காணப்படும் சொற்கள்

அசூஸ்பெர்மியா: விந்தில் விந்தணு காணப்படாத நிலை. பாதையில் அடைப்பு உள்ளதா, உற்பத்தியில் குறையா என்பதைப் பொறுத்துச் சிகிச்சை அமையும்.

ஒலிகோசூஸ்பெர்மியா: விந்தணு எண்ணிக்கை குறைவு.

அஸ்தினோசூஸ்பெர்மியா: விந்தணுக்களின் நகர்வுத் திறன் குறைவு.

டெரட்டோசூஸ்பெர்மியா: இயல்பான வடிவம் கொண்ட விந்தணுக்கள் குறைவு.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, குறைந்தபட்ச ஒப்பீட்டு அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்கள் ஆகும். இதற்குக் குறைந்தால் குழந்தை பிறக்காது என்பது பொருளன்று. பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாட்கள் வரை விந்து வெளியேற்றாமல் இருக்க வேண்டும். விந்தணு உருவாகச் சுமார் இரண்டரை மாதங்கள் ஆவதால், அண்மையில் வந்த காய்ச்சல்கூட முடிவைப் பாதிக்கலாம். ஆகவே, ஒரே அறிக்கையைக் கொண்டு மனம் தளர வேண்டாம். மருத்துவர் கூறும் இடைவெளியில் மீண்டும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

மருத்துவரிடம் கூற வேண்டியவை

• தொல்லை எந்த உறுப்பில், எந்தப் பக்கத்தில் உள்ளது
• எப்போது தொடங்கியது. திடீரென வந்ததா, சிறிது சிறிதாக வந்ததா
• வலி, காய்ச்சல், வாந்தி, சிறுநீரில் இரத்தம் அல்லது எரிச்சல் உள்ளதா
• உட்கொள்ளும் மருந்துகளும் முன்பு செய்துகொண்ட அறுவை சிகிச்சைகளும்

மருத்துவச் சொல் நினைவுக்கு வரவில்லையெனில் பேச்சு வழக்குச் சொல்லையே கூறலாம். இடத்தைக் கையால் சுட்டிக்காட்டலாம். மருத்துவர் அதனைத் தவறாகக் கருதமாட்டார். பெற்றோர், தம் மகன்களுக்குக் கை, கால், கண் என்று சொல்லித் தருவதைப் போலவே இவ்வுறுப்புகளின் பெயர்களையும் இயல்பாகச் சொல்லித் தர வேண்டும். வலி வரும்போது தயங்காமல் கூற அது அவர்களுக்கு உதவும்.