பழுது இயந்திரத்திலா, மின்கம்பியிலா? கிரிப்டோ மைனிங் கருவிகளின் மின்சார, வெப்பச் சிக்கல்களைக் கண்டறிவது எப்படி?

புது டெல்லி: பிட்காயின் உள்ளிட்ட கிரிப்டோ நாணயங்களை ஈட்டுவதற்காக இயக்கப்படும் மைனிங் இயந்திரங்கள் திடீரென நின்றுவிடுவதும், மீண்டும் மீண்டும் அணைந்து எரிவதும், கணக்கிடும் வேகம் குறைவதும் அவற்றைப் பயன்படுத்துவோர் வழக்கமாக எதிர்கொள்ளும் சிக்கல்களாகும். இயந்திரம் பழுதாகிவிட்டது என்று கருதி அதைக் கழற்றுவதும் பழுதுபார்க்க அனுப்புவதுமே பலரின் முதல் நடவடிக்கையாக இருக்கிறது. ஆனால், இத்தகைய கோளாறுகள் பலவற்றின் காரணம் இயந்திரத்துக்கு வெளியே, சுவரில் உள்ள சாக்கெட்டிலோ அறையின் காற்றோட்டத்திலோ இருக்கக்கூடும்.

கோடையில் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெப்பமும், மாலை நேரங்களில் சரியும் மின்னழுத்தமும் கொண்ட இந்தியாவின் பல பகுதிகளில் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது பணத்தை மட்டுமன்றி வீட்டையும் காக்கும்.

24 மணி நேரமும் எரியும் அடுப்பு

மைனிங் என்பது கிரிப்டோ பரிவர்த்தனைகளைப் பதிவேட்டில் சேர்ப்பதற்காக இடைவிடாமல் கணக்கீடு செய்யும் பணியாகும். பிட்காயினுக்கு இதற்கென்றே வடிவமைக்கப்பட்ட சிப்புகள் பயன்படுத்தப்படுகின்றன. பரவலாக அறியப்பட்ட ஆன்ட்மைனர் எஸ்19 புரோ இயந்திரம் ஏறத்தாழ 3,250 வாட் மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. இது மூன்று இஸ்திரிப் பெட்டிகளை ஒரே நேரத்தில் இயக்குவதற்கு ஒப்பானது.

இஸ்திரிப் பெட்டியும் தண்ணீர் கொதிகலனும் சில நிமிடங்களில் அணைக்கப்பட்டுவிடும். மைனிங் இயந்திரமோ மாதக்கணக்கில் ஓய்வின்றி இயங்குகிறது. அது எடுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. எனவே, மின்சாரம் உள்ளே வரும் பாதை, வெப்பம் வெளியேறும் பாதை ஆகிய இரண்டுமே இந்தக் கருவியின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

16 ஆம்பியர் சாக்கெட் போதுமா?

இந்தியாவில் வீடுகளுக்கான மின்னழுத்தம் 230 வோல்ட். 3,250 வாட் இயந்திரம் இந்த அழுத்தத்தில் சுமார் 14 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். வீட்டில் உள்ள பெரிய சாக்கெட்டின் வரம்பு 16 ஆம்பியர் என்பதால் இது பாதுகாப்பானது என்று தோன்றலாம். ஆனால், பல மணி நேரம் தொடர்ந்து இயங்கும் சுமையை வரம்பின் 80 சதவீதத்துக்குள் வைத்திருப்பதே மின்பொறியியலில் பின்பற்றப்படும் நல்ல நடைமுறை. 16 ஆம்பியரில் 80 சதவீதம் என்பது 12.8 ஆம்பியர் மட்டுமே.

மின்னழுத்தம் குறையும்போது நிலைமை மேலும் மோசமாகிறது. பழைய குண்டு பல்பு மின்னழுத்தம் குறைந்தால் மங்கலாக எரியும். மைனிங் இயந்திரத்தின் பவர் சப்ளை அவ்வாறு செயல்படுவதில்லை. சிப்புகளுக்குத் தேவையான மின்திறனைக் குறையாமல் வழங்குவதற்காக அது கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. மின்னழுத்தம் 200 வோல்ட்டாகச் சரிந்தால் அதே இயந்திரம் 16.25 ஆம்பியரை எடுக்கும். அதாவது, சாக்கெட்டின் வரம்பையே தாண்டிவிடும்.

கம்பியிலும் இணைப்பிலும் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிப் பெருக்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. ஆகவே மின்னோட்டம் 15 சதவீதம் கூடினால் வெப்பம் 30 சதவீதத்துக்கும் மேல் கூடும். தளர்ந்த பிளக்குகளும் கருகிய சாக்கெட்டுகளும் உருவாவது இப்படித்தான்.

எஸ்19 வரிசை இயந்திரங்களில் இரண்டு மின்கம்பிகளைச் செருக வேண்டும். ஒவ்வொன்றும் பாதி மின்னோட்டத்தைச் சுமக்கும் வகையில் இந்த அமைப்பு உள்ளது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் முழுச் சுமையும் அந்தப் பாக்ஸின் ஒற்றைக் கம்பி மீது விழும். இது தீ விபத்துக்கு வழிவகுக்கக்கூடிய தவறாகும். உரிமம் பெற்ற மின்பணியாளர் மூலம் 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தனி இணைப்பும், 20 ஆம்பியர் எம்.சி.பி.யும், தொழிற்சாலைகளில் பயன்படும் வகை பிளக்கும் அமைப்பது பொருத்தமாக இருக்கும்.

எம்.சி.பி. எப்போது விழுகிறது?

எம்.சி.பி. விழும் நேரமே காரணத்தைச் சுட்டிக்காட்டும். சுவிட்சைப் போட்ட கணமே விழுந்தால் குறுக்குச்சுற்று இருக்கலாம். அல்லது பல இயந்திரங்கள் ஒரே நேரத்தில் தொடங்கும்போது ஏற்படும் திடீர் மின்னோட்டம் காரணமாக இருக்கலாம். அரை மணி நேரமோ அதற்கு மேலோ இயங்கிய பிறகு விழுந்தால் அது பெரும்பாலும் அதிகச் சுமையையோ, தளர்ந்த இணைப்பால் எம்.சி.பி.யே சூடாவதையோ குறிக்கிறது. மின்கசிவைக் கண்டறியும் ஆர்.சி.சி.பி. மட்டும் விழுந்தால் நில இணைப்பையும், இயந்திரத்தில் ஈரமோ மின்கசிவோ உள்ளதா என்பதையும் சோதிக்க வேண்டும்.

அடிக்கடி விழுகிறது என்பதற்காக, கம்பியை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக மாற்றுவது மிகவும் ஆபத்தானது. எம்.சி.பி. பாதுகாப்பது இயந்திரத்தை அல்ல. சுவருக்குள் செல்லும் கம்பியை. அதன் வரம்பை உயர்த்தினால், அடுத்து சூடாகி உருகுவது அந்தக் கம்பியாகத்தான் இருக்கும்.

இரண்டு அளவீடுகள் சொல்லும் உண்மை

இயந்திரம் மீண்டும் மீண்டும் அணைந்து எரிந்தால், மின்னழுத்தத்தை இரண்டு முறை அளக்க வேண்டும். முதலில் இயந்திரம் இயங்காத நிலையிலும், பின்னர் முழுச் சுமையில் இயங்கும் நிலையிலும் அளப்பது அவசியம். சுவரில் செருகி வைக்கும் டிஜிட்டல் வோல்ட் மீட்டரை அருகிலுள்ள, அதே இணைப்பைச் சேர்ந்த சாக்கெட்டில் பொருத்தினாலே போதும்.

இயங்காத நிலையிலேயே 200 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால், சிக்கல் தெருவின் மின்விநியோகத்தில் உள்ளது. அது மின்வாரியத்தில் புகார் அளிக்க வேண்டிய விஷயம். மாறாக, இயங்காதபோது 228 வோல்ட்டும் இயங்கும்போது 205 வோல்ட்டும் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். இடையில் 23 வோல்ட் காணாமல் போகிறது. 14 ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டத்தில் இது 320 வாட்டுக்கும் அதிகமான இழப்பாகும். அந்த மின்சாரம் முழுவதும் கம்பியிலோ, ஏதேனும் ஓர் இணைப்பிலோ வெப்பமாக மாறிக்கொண்டிருக்கிறது என்பது இதன் பொருள். உடனடியாக இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கம்பிப் பாதையைச் சோதிக்க வேண்டும்.

மின்னழுத்த ஏற்ற இறக்கத்துக்கு ஸ்டெபிலைசர் பொருத்துவோர் அதன் திறனைக் கவனிக்க வேண்டும். ஏ.சி.க்காக வாங்கிய சாதாரண ஸ்டெபிலைசர் 14 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்கும் என்று எதிர்பார்க்க இயலாது. 3,250 வாட் இயந்திரத்துக்கு 5 கே.வி.ஏ. அளவிலான ஸ்டெபிலைசர் தேவைப்படும். மின்தடை நீங்கியதும் எல்லா இயந்திரங்களும் ஒரே நொடியில் இயங்கத் தொடங்காதவாறு, ஒவ்வொன்றாகத் தொடங்கும் ஏற்பாட்டைச் செய்வதும் நல்லது.

வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால்...

எஸ்19 புரோவில் மூன்று ஹேஷ் போர்டுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 114 சிப்புகள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மற்றவையும் பயனற்றுப் போவதைப் போல, ஒரு சிப் செயலிழந்தாலும் அந்தப் போர்டு முழுவதும் நின்றுவிடக்கூடும். அப்போது கணக்கிடும் வேகம் சரியாக மூன்றில் ஒரு பங்கு குறையும். இயந்திரத்தின் பதிவுப் பக்கத்தில் ஒவ்வொரு போர்டிலும் எத்தனை சிப்புகள் கண்டறியப்பட்டன என்ற விவரம் இருக்கும்.

போர்டைப் பழுதுபார்க்க அனுப்புவதற்கு முன் எளிய சோதனை ஒன்று உண்டு. மின்சாரத்தை முழுமையாகத் துண்டித்துவிட்டு, இயங்காத போர்டின் தரவுக் கேபிளையும் இயங்கும் போர்டின் கேபிளையும் இடம் மாற்றிச் செருக வேண்டும். அதே போர்டு மீண்டும் இயங்காவிட்டால் கோளாறு பெரும்பாலும் போர்டிலோ, அதற்குச் செல்லும் மின் இணைப்பிலோ இருக்கிறது. இப்போது வேறு போர்டு இயங்காமல் போனால் கோளாறு கேபிளிலோ கட்டுப்பாட்டுப் பலகையிலோ இருக்கிறது.

பவர் சப்ளை பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் வீட்டில் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் அதன் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

ஏ.சி. போட்டால் தீருமா?

ஒரு டன் ஏ.சி. அகற்றக்கூடிய வெப்பம் சுமார் 3,500 வாட். ஆகவே ஒரே ஒரு எஸ்19 புரோ வெளியிடும் வெப்பமே ஒரு டன் ஏ.சி.யின் முழுத் திறனையும் ஏறக்குறைய விழுங்கிவிடும். அந்த ஏ.சி.யின் மின்கட்டணத்தையும் சேர்த்தால் மைனிங்கில் லாபம் கிடைப்பது அரிது. எனவே, குளிரூட்டுவதைவிட வெப்பக் காற்றை உடனடியாக வெளியேற்றுவதே நடைமுறைக்கு ஏற்றது.

இயந்திரத்தைக் கடக்கும் காற்றின் வெப்பநிலை 15 டிகிரி மட்டுமே உயர வேண்டுமானால், நிமிடத்துக்கு சுமார் 380 கன அடிக் காற்று தேவைப்படும். 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் கொண்ட அறையில் உள்ள காற்று முழுவதையும் மூன்று நிமிடங்களுக்குள் மாற்ற வேண்டும் என்பது இதன் பொருள். ஜன்னலைத் திறந்துவைப்பதால் மட்டும் இது நடக்காது. ஒரு பக்கம் காற்று உள்ளே வரவும், எதிர்ப்பக்கம் எக்ஸாஸ்ட் விசிறி வழியாக வெளியேறவும் வழி வேண்டும். இயந்திரத்திலிருந்து வெளியேறும் சூடான காற்று அறைக்குள் சுழன்று மீண்டும் அதன் முன்பக்கத்துக்கே வருவதுதான் அதிகம் காணப்படும் தவறு.

இதைக் கண்டறிய, அறையின் நடுவில் அல்லாமல் இயந்திரம் காற்றை உறிஞ்சும் முன்பக்கத்தில் வெப்பநிலையை அளக்க வேண்டும். உள்ளே செல்லும் காற்று 40 டிகிரிக்கு மேல் இருந்தால் எந்த விசிறியாலும் பெரிய பயன் விளையாது. வட இந்தியக் கோடையின் நண்பகலில் வெளிக்காற்றே அந்த அளவைத் தாண்டும்போது, இயந்திரத்தைக் குறைந்த மின்திறன் நிலைக்கு மாற்றுவதோ, பகலில் நிறுத்தி இரவில் இயக்குவதோதான் தீர்வு.

மூன்று போர்டுகளும் ஒரே சீராகச் சூடாக இருந்தால் காரணம் அறைக்காற்றிலோ விசிறியிலோ உள்ளது. ஒரு போர்டு மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால், அந்தப் பகுதியில் தூசி அடைத்திருக்கலாம். அல்லது சிப்புக்கும் அலுமினியத் தகடுக்கும் இடையே பூசப்பட்ட வெப்பக் கடத்திப் பசை காய்ந்திருக்கலாம். தூசியை அகற்ற, மின்சாரத்தைத் துண்டித்து, இயந்திரத்தை வெளியே எடுத்துச் சென்று காற்றூதியால் சுத்தம் செய்யலாம். அப்போது விசிறி இதழ்களைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் சுழலும் விசிறி தானே மின்சாரத்தை உற்பத்தி செய்து பலகையைச் சேதப்படுத்தக்கூடும்.

தண்ணீரில் இயங்கும் ஏர் கூலரின் காற்றை நேரடியாகச் செலுத்துவதும் தவிர்க்கப்பட வேண்டும். ஈரப்பதமும் தூசியும் சேர்ந்து பலகையில் படிந்தால் அரிப்பும் மின்கசிவும் ஏற்படும். கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றும் இதே விளைவை உண்டாக்கும்.

கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கும் இது பொருந்தும்

எத்தேரியம் 2022 செப்டம்பரில் மைனிங் முறையைக் கைவிட்டதால் கிராஃபிக்ஸ் கார்டுகள் மூலம் மைனிங் செய்வது பெருமளவு குறைந்துவிட்டது. எனினும் வேறு நாணயங்களுக்காக இத்தகைய அமைப்புகளை இயக்குவோர் உள்ளனர். கார்டைத் தாய்ப்பலகையுடன் இணைக்கும் ரைசர் பலகைக்கு, வன்தட்டுக்கான சாட்டா கம்பி வழியாக மின்சாரம் தருவது இங்கு ஆபத்தான பழக்கமாகும். அந்த இணைப்பு 54 வாட் வரையே தாங்கும். ஆனால் கார்டு அந்த வழியில் 75 வாட் வரை கோரலாம். இதனால் பிளாஸ்டிக் முனை உருகித் தீப்பிடிக்கும் அபாயம் உள்ளது. பயன்படுத்தப்பட்ட கார்டுகளைச் சந்தையில் வாங்குவோர், மின் இணைப்பு முனைகளில் கருகிய தடம் உள்ளதா என்று பார்ப்பது நலம்.

கட்டணமும் சட்டமும்

3,250 வாட் இயந்திரம் ஒரு நாளைக்கு 78 யூனிட்டும், 30 நாள்களில் 2,340 யூனிட்டும் பயன்படுத்தும். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று கொண்டால் மாதம் 18,720 ரூபாய் ஆகும். 2024 ஏப்ரலில் ஒரு தொகுதிக்கான பிட்காயின் வெகுமதி 6.25-இலிருந்து 3.125-ஆகப் பாதியாகக் குறைந்துவிட்டதால், வீணாகும் ஒவ்வொரு யூனிட்டும் நேரடி இழப்பாகிறது. கிரிப்டோ வருவாய்க்கு 2022 முதல் 30 சதவீத வரி விதிக்கப்படுகிறது. மைனிங் கருவிகளுக்கான உட்கட்டமைப்புச் செலவை அதில் கழித்துக்கொள்ள இயலாது என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தியுள்ளது.

வீட்டு இணைப்பில் அனுமதிக்கப்பட்ட நோக்கத்துக்கு மாறாக மின்சாரத்தைப் பயன்படுத்துவது, 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்கீழ் அங்கீகாரமற்ற பயன்பாடாகக் கருதப்படும். அதற்குப் பொருந்தும் கட்டணத்தைப் போல் இரு மடங்கு வசூலிக்க அப்பிரிவு வகை செய்கிறது. எனவே, இயந்திரத்தை நிறுவும் முன் அனுமதிக்கப்பட்ட மின்சுமையையும் கட்டண வகையையும் மின்வாரிய அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்வது அவசியம்.

இயந்திரம் இயங்கும்போது பிளக்கும் சாக்கெட்டும் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக இருந்தாலோ, பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தாலோ, பிளக்கைத் தொடாமல் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது; கார்பன் டை ஆக்சைடு அல்லது உலர் பவுடர் வகைத் தீயணைப்பானை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.