விரலுக்கும் நிழலுக்கும் நடுவே

சிவகாசியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கேரளத்துக்குப் போன மகன், ஆறன்முளாவில் செய்கிறவர் வீட்டிலேயே ஓர் ஆறன்முளாக் கண்ணாடி வாங்கி வந்தானாம். உள்ளங்கை அகலம்தான்; அதற்கே சில ஆயிரம் ரூபாய். பூஜை அறையில் வைத்திருந்தார். நாளாக ஆக லேசாக மங்கியது. வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு துலக்கும்போது அதையும் எடுத்துப் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்துவிட்டார். இப்போது கண்ணாடி முழுக்கக் கீறல். "என் மகன் ஏமாந்துவிட்டானா?" என்று கேட்கிறார்.

ஏமாறவில்லை அம்மா. செய்கிறவர் நாள்கணக்கில் ஏற்றிய மெருகை நீங்கள் பத்து நிமிடத்தில் இறக்கிவிட்டீர்கள். அவ்வளவுதான்.

ஆறன்முளா எங்கே இருக்கிறது, பம்பையாற்றில் நடக்கும் படகுப் போட்டி, பார்த்தசாரதி கோயில் விருந்து எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோயில் வேலைக்காகச் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வரவழைக்கப்பட்ட கைவினைக் குடும்பங்கள்தான் இந்தக் கண்ணாடியைக் கண்டுபிடித்தன என்று அங்கே ஒரு கதை உண்டு. கதையை விட்டுவிட்டு விரலுக்கு வருவோம்.

வீட்டுக் கண்ணாடியில் விரல் நுனியை வைத்துப் பாருங்கள். விரலும் அதன் பிம்பமும் தொட்டுக்கொள்ளாது. நடுவே ஓர் இடைவெளி இருக்கும். ஒளியைத் திருப்பி அனுப்பும் பூச்சு கண்ணாடியின் முதுகில் இருப்பதுதான் காரணம். வேடிக்கை என்னவென்றால், ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடியில் நேராகப் பார்த்தால் அந்த இடைவெளி ஆறு, ஏழு மில்லிமீட்டர் தெரியும். சின்ன வயதில் நான் முடிவெட்டப் போன கடையில் ரசம் போன கண்ணாடி ஒன்று இருந்தது. அதில் என் இடது காது எப்போதும் இருக்காது. முதுகுப் பூச்சு உரிந்த இடத்தில் பின்னாலிருந்த மரப்பலகைதான் தெரியும்.

ஆறன்முளாக் கண்ணாடியில் உரிவதற்கு எதுவும் கிடையாது. அது கண்ணாடியே இல்லை, உலோகம். ஒளி மேற்பரப்பிலேயே திரும்பிவிடுவதால் விரலும் பிம்பமும் நுனியோடு நுனி ஒட்டி நிற்கும். இன்றைய பெரிய தொலைநோக்கிகளிலும் இதே காரணத்துக்காகத்தான் பூச்சை முன்பக்கத்தில் பூசுகிறார்கள்.

செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம் இது. கலவையின் அளவு பரம ரகசியம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் அதை ஆராய்ந்து எழுதி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. நூற்றுக்கு ஏறக்குறைய 33 பங்கு வெள்ளீயம், மீதி செம்பு. நம் வீட்டு வெண்கலப் பானையில் இருப்பதைவிட வெள்ளீயம் மிக அதிகம். இந்த அளவில் 31 செம்பு அணுக்களுக்கு 8 வெள்ளீய அணுக்கள் என்ற கணக்கில் அணுக்கள் ஒரே சீராக அடுக்கப்படுகின்றன. செம்பின் சிவப்பு மறைந்து வெள்ளி நிறம் வருவது அதனால்தான்.

என் பாட்டி கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சும்போது பக்கத்தில் யாரையும் பேசவிட மாட்டாள். ஒரு நொடி முந்தினால் கையில் ஒட்டும், பிந்தினால் கசக்கும். சரியான பதத்தில் இறக்கினால் 'டக்'கென்று முறியும். இந்த உலோகமும் அப்படித்தான். வெள்ளீயம் குறைந்தால் கடினமும் மென்மையுமாக இரண்டு வகை உலோகம் கலந்து நிற்கும். தேய்க்கும்போது ஒன்று சீக்கிரம் தேயும், மற்றது தேயாது, பிம்பம் தெளியாது. அளவு சரியாக அமைந்தால் அற்புதமாக மின்னும். கீழே விழுந்தால் கடலை மிட்டாய் போலவே முறிந்தும் போகும். உலோகம் என்று நம்பிக் கைதவற விட்டவர்கள் உண்டு.

1668இல் நியூட்டன் செய்த தொலைநோக்கியின் ஆடியும் ஏறக்குறைய இதே கலவைதான். வானியலாளர் வில்லியம் ஹெர்ஷலின் ராட்சதத் தொலைநோக்கியின் ஆடி அடிக்கடி மங்கும். கழற்றி மெருகேற்றும் நாட்களில் மாட்டுவதற்கென்றே அவர் இன்னொரு ஆடி வைத்திருந்தார். ஆகவே உங்கள் கண்ணாடி மங்கியதற்கு வெட்கப்பட வேண்டாம்.

அளவு தெரிந்துவிட்டதே, நாமும் வார்க்கலாமா? வார்க்கலாம், முகம் தெரியாது. வயல் மண்ணைக் குழைத்து அச்சு செய்து, உலோகத் துண்டுகள் உள்ள மூசையை அதன்மேலேயே மண்ணால் ஒட்டி மூடி, உலையில் வைக்கிறார்கள். உருகியதும் அப்படியே கவிழ்த்தால் உலோகம் அச்சுக்குள் இறங்கும். ஆறியபின் அச்சை உடைத்தால் கிடைப்பது ஒரு கறுத்த தகடு. அதை அரக்கு வைத்து மரக்கட்டையில் ஒட்டி, சாக்குத் துணியில் எண்ணெயும் சுட்ட மண்ணின் பொடியும் இட்டு, நாள்கணக்கில் கையாலேயே தேய்க்கிறார்கள். கடைசியில் வெல்வெட் துணி. ஒரு பக்கம் அழுத்தம் கூடினால் முகம் கோணும். நுண்ணிய காற்றுக்குமிழ் ஒன்று தெரிந்தால் அத்தனை நாள் உழைப்பும் வீண்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. ரகசியம், ரகசியம் என்று நாம் மெய்சிலிர்க்கிறோம். தேய்த்த நாட்களின் கூலியைக் கேட்டால் மட்டும் 'ஒரு கண்ணாடிக்கா இவ்வளவு?' என்று பேரம் பேசுகிறோம். டார்ஜிலிங் தேயிலையோடு முதல் வரிசையிலேயே, 2004-05இல், புவிசார் குறியீடு பெற்ற பொருள் இது. குறியீடு பெயரைத்தான் காக்கும். குமிழ் விழுந்து வீணான தகட்டுக்கு அது கூலி தராது.

மண்ணையும் அது காக்காது. ஆறன்முளா வயல்களில் விமான நிலையம் கட்டப் பார்த்தார்கள். 2014இல் பசுமைத் தீர்ப்பாயம் அதன் சுற்றுச்சூழல் அனுமதியை ரத்து செய்தது. நெல்லையும் நீரையும் பற்றி நிறையப் பேசினார்கள். அந்த வயல்களின் மண்ணை நம்பி ஒரு கைத்தொழில் இருப்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்தார்களோ? 2018 ஆகஸ்டில் பம்பை பெருகியபோது பட்டறைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. சுடாத மண் அச்சு தண்ணீரில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விரல் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். சாதாரணக் கண்ணாடியின் முன்பக்கம் பூச்சு பூசினாலும் விரல் ஒட்டித்தான் தெரியும். ஊருக்கே போய், செய்கிறவரிடம் வாங்குங்கள். சோதித்துப் பார்த்தால் ரேகை படியும். உடனே மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள்.

சிவகாசி அம்மா, உங்கள் கண்ணாடியைத் தூக்கிப் போட வேண்டாம். கீறல் மேலோடுதான் இருக்கும், உலோகம் உள்ளே அப்படியே இருக்கிறது. மகனிடம் கொடுத்து, வாங்கிய வீட்டுக்கே அனுப்பி, மறுபடி மெருகேற்றித் தரச் சொல்லுங்கள். அவர் கேட்கும் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.