தனியாகப் போகிறவருக்கு மோசல்

திராட்சைத் தோட்ட ஊர்களில் தனியாகச் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று யாராவது சொன்னால், எந்த ஒயின் பிடிக்கும் என்று நான் கேட்பதில்லை. எவ்வளவு மேடு ஏறுவீர்கள், பக்கத்தில் ரயில் உண்டா, ஒரே ஒரு ராத்திரிக்கு அறை கொடுப்பார்களா என்றுதான் கேட்பேன். துணைக்கு ஆள் இருந்தால் பஞ்சர் ஒட்டவும் கை உண்டு, அறை வாடகையும் பாதியாகும். தனியாளுக்கு இரண்டும் இல்லை.

என் அக்கா மகள் இத்தாலியின் டஸ்கனியில் உள்ள கியான்டி பகுதியின் படங்களைப் பார்த்துவிட்டு, "சித்தி, பேசாம கியான்டிக்கே போயிடறேன்" என்றாள். படத்தில் மேடு தெரியாது. அங்கே ஊர்கள் பெரும்பாலும் குன்றின் மேல்தான். பகலெல்லாம் மிதித்த பிறகு, பைகளோடு ஏறினால்தான் ராத்திரிச் சாப்பாடு. போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கு இன்னும் செங்குத்து, கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். பிரான்ஸின் லுவார் கரை சமதளம். பாதையும் சுமார் 900 கிலோமீட்டர். ஆனால் கடலை நோக்கிப் போனால் மேற்குக் காற்று முகத்தில் அடிக்கும். பேசிக்கொண்டு வர ஆளில்லாதபோது எதிர்காற்று இரண்டு மடங்காகத் தெரியும்.

நான் சொல்வது ஜெர்மனியின் மோசல். ட்ரியரிலிருந்து கோப்லென்ஸ் வரை ஆற்றை ஒட்டியே சுமார் 200 கிலோமீட்டர் சைக்கிள் பாதை. ஆறு அப்படி வளைந்து வளைந்து ஓடுகிறது. நேராகப் போனால் அதில் பாதிதான். இரண்டு பக்கமும் மலை நிமிர்ந்து நிற்க, நம் பாதை மட்டும் சமமாகப் போகும். பிரெம் ஊரை ஒட்டிய கால்மோன்ட் தோட்டம் 65 டிகிரி வரை சரிகிறது. நின்று பார்த்தாலே கழுத்து வலிக்கும்.

இந்தச் சரிவுகளின் பழைய தோட்டங்களில் பந்தலும் கிடையாது, கம்பி வரிசையும் கிடையாது. கொடிக்கு ஒரு முளைக்கம்பு. இரண்டு கிளைகளை வளைத்து, இதய வடிவில் அதில் கட்டியிருப்பார்கள். வேலை செய்பவர் எந்தப் பக்கமும் நகர முடியும். காலடியில் மண் இருக்குமிடம் தெரியாமல் சிலேட்டுக் கல் சில்லுகள். பகல் வெயிலை வாங்கி வைத்து ராத்திரி விடும் கல் அது. குளிரான இந்தப் பகுதியில் ரீஸ்லிங் திராட்சை பழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சைக்கிள்காரருக்குத் தோதான ஒயினும் இதுதான். இங்கே கபினெட் என்று விற்கும் இனிப்பான ரீஸ்லிங்கில் ஆல்கஹால் பல சமயம் 8, 9 சதவீதம்தான். தென் பிரான்ஸில் 14 சதவீதம் சாதாரணம். அதற்காக அளவில்லாமல் குடித்துவிட்டு மிதிக்க முடியாது. ஜெர்மனியில் சைக்கிளுக்கு வரம்பு ரத்தத்தில் ஆயிரத்துக்கு 1.6. தள்ளாடினாலோ, விபத்து நடந்தாலோ 0.3-லேயே வழக்கு வரலாம். பிரான்ஸில் கார் ஓட்டுபவருக்கான அதே 0.5 நமக்கும். சைக்கிளைப் பூட்டி வைத்த பிறகு, சாயங்காலம் குடிப்பதே புத்திசாலித்தனம். தோட்டக்காரர்கள் வருஷத்தில் சில மாதம் வீட்டு முற்றத்திலேயே பெஞ்சு போட்டு, சொந்த ஒயினும் ரொட்டியும் விற்கிறார்கள். நீள மேஜைதான், தனியாகப் போனாலும் பக்கத்தில் யாராவது இருப்பார்கள்.

அறைக்கு, 'பெட் அண்ட் பைக்' பலகை மாட்டிய விடுதியைத் தேடுங்கள். ஜெர்மன் சைக்கிள் சங்கத்தின் அங்கீகாரம் அது. ஒரு ராத்திரிக்கும் அறை தர வேண்டும், சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும், நனைந்த துணி உலர்த்த இடமும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி.

கால் ஓய்ந்துவிட்டால் உள்ளூர் ரயிலில் சைக்கிளோடு ஏறலாம். ஒன்று மட்டும் கவனம்: ட்ரியருக்கும் புல்லாய்க்கும் நடுவே ரயில் ஆற்றை விட்டு விலகி, குறுக்கே விட்லிக் வழியாகப் போய்விடும். அதனால் அந்த இடைவெளியில் ஆற்றோரம் இருக்கும் அழகான பெர்ன்காஸ்டலில் ஸ்டேஷன் இல்லை.

மே, ஜூன் நல்ல மாதங்கள். செப்டம்பரில் போவதானால் ஒயின் திருவிழாக் கூட்டம் இருக்கும். மற்ற நாட்களை எப்படி விட்டாலும், சனிக்கிழமை ராத்திரிக்கு மட்டும் முன்கூட்டியே அறை பிடித்துவிடுங்கள்.